தள்ளிப் பார்த்தால்தான் தெரியும்: தாய்ச்சி கேள்வி பதில்

தாய்ச்சி பற்றியும் மற்ற தற்காப்புக் கலைகள் பற்றியும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, சிலம்பத்தில் தொடங்கித் தாய்ச்சிக்கு வந்து சேர்ந்த சிங்கப்பூர்ப் பயிற்றுநர் ஒருவர் பதில் சொல்கிறார்.

ஐயா, நீங்கள் தமிழர். சீனர்களுடைய கலைக்குள் எப்படி வந்தீர்கள்? சின்ன வயதிலேயே ஆரம்பித்துவிட்டீர்களா?
*- ஈசூன் வாசகி*

எல்லாரும் முதலில் கேட்பது இதுதான், என் வகுப்புக்கு வரும் சீனப் பாட்டிமார் உட்பட.

நான் வளர்ந்தது செம்பவாங் கடற்படைத் தளத்துக் குடியிருப்பில். அப்பாவுக்கு அங்கே கப்பல் பட்டறையில் வேலை. மாலையில் வேலை முடிந்ததும் சில பேர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கம்பு சுற்றுவார்கள், நாங்கள் பையன்கள் சுற்றி உட்கார்ந்து பார்ப்போம், ஆர்வம் தாங்காமல் ஒருநாள் போய்க் கேட்டால் வாத்தியார் கம்பைத் தரவே இல்லை. வெறும் காலடிதான். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, திரும்பு, மறுபடி. கம்பு கைக்கு வரவே பல மாதங்கள் ஆயின. அதற்கப்புறம் சலாம் வரிசை, வீச்சு, கொஞ்சம் குத்துவரிசை. 1971இல் பிரிட்டிஷ் படை கிளம்பிப் போனது. குடியிருப்பில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வெவ்வேறு பேட்டைகளுக்கு வீவக அடுக்குமாடி வீடு கிடைத்துப் போனார்கள். கம்பு வகுப்பும் அதோடு கலைந்துபோனது.

அப்புறம் புரூஸ் லீ காய்ச்சல். 1973 ஜூலையில் அவர் இறந்த பிறகு அது குறையும் என்று பார்த்தால் இன்னும் ஏறியது. நாங்களும் இரண்டு துண்டுக் கட்டையைச் சங்கிலியால் கோத்துச் சுழற்றி மண்டையில் வாங்கிக்கொண்டோம். பக்கத்தில் எது கிடைத்ததோ அதில் சேர்வதுதான் அன்றைய வழக்கம், எனக்குக் கிடைத்தது கராத்தே. தேசிய சேவையில் தேக்வாண்டோ. சேவை முடிந்து வேலைக்குப் போனதும் ஜூடோ. இதில் எதையும் நான் வீண் என்று சொல்ல மாட்டேன், முக்கியமாக ஜூடோவை. ஒரு ஆளைப் பிடித்து அவருடைய பாரம் எந்தக் காலில் இருக்கிறது என்று தேடும் பழக்கம் அங்கேதான் வந்தது.

தாய்ச்சிக்கு வந்தது முப்பது வயதைத் தாண்டிய பிறகு. மன அமைதி தேடியெல்லாம் போகவில்லை. கூட வேலை பார்த்த ஹொக்கியன் நண்பர் ஒருவர் கேலாங்கில் ஒரு கடைவீட்டு மாடிக்குக் கூட்டிப்போனார். அங்கே நடுத்தர வயது ஆண்கள் ஜோடி ஜோடியாகக் கைகளை ஒட்டவைத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் தள்ளிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சிஃபுவுக்கு, அதாவது ஆசிரியருக்கு, ஆங்கிலம் வராது, எனக்கு ஹொக்கியன் வராது, அதனால் பாடம் முழுக்கப் பாசார் மலாயில்தான் நடந்தது. "ஜாங்ஙான் குவாட்" என்பதை நான் கேட்ட அளவுக்கு வேறு யாரும் கேட்டிருக்க முடியாது. பலம் போடாதே, பலம் போடாதே.

என்னைப் பிடித்து நிறுத்திய விஷயம் இது. சிலம்பத்தில் இரண்டு கம்பும் உரசி நிற்கும் ஒரு கணம் உண்டு. அனுபவப்பட்ட ஆளுக்கு அந்த உரசலிலேயே எதிராளியின் மணிக்கட்டு எந்தப் பக்கம் திரும்பப் போகிறது என்று தெரிந்துவிடும், கண்ணால் பார்த்து முடிவெடுத்தால் அடி விழுந்திருக்கும். சிஃபு என் முன்னங்கையில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு, நான் எந்தக் காலை எடுக்கப் போகிறேன் என்று எடுப்பதற்கு முன்பே சொன்னார். கம்பில்லாமல் அதே வேலை. வாத்தியார் சொல்லாமல் விட்டதற்கு இங்கே ஒரு பாடத்திட்டமே இருக்கிறது என்று தோன்றியது. அன்றிலிருந்து இங்கேதான்.

2017இல் ஒரு கலப்புத் தற்காப்புக் கலை வீரர் தாய்ச்சி மாஸ்டர் ஒருவரைச் சில நொடிகளில் அடித்து வீழ்த்தும் காணொளியைப் பார்த்தேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், தாய்ச்சி சண்டைக்கு உதவுமா?
*- பொங்கோல் வாசகர், வயது 22*

கோபம் எதற்கு? நானும் பார்த்தேன், பலமுறை. அந்த ஏப்ரலில் செங்டு நகரத்தில் நடந்தது. கலப்புக் கலை வீரர் ஷூ ஷியாவ்டோங் முன்னால் வந்தார், தாய்ச்சி மாஸ்டர் வெய் லெய் கைகளை அழகாக நீட்டி நின்றார், அவ்வளவுதான் கதை. சீனாவில் பலர் ஷூ மேல் பாய்ந்தார்கள், கலையை அவமதித்துவிட்டார் என்று. எனக்கென்னவோ அவர் கேட்ட கேள்வி நியாயமானதாகத்தான் பட்டது. முகத்தில் குத்து வாங்கிப் பழகாத ஆள், குத்துவதையே தொழிலாக வைத்திருப்பவர் எதிரே நின்றால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. எதிராளி ஒத்துழைக்காத பயிற்சி இல்லையென்றால் எந்தக் கலைக்கும் இதே கதிதான், சிலம்பத்துக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

இன்னும் பழைய படம் ஒன்று இருக்கிறது, அதையும் தேடிப் பாருங்கள். 1954 ஜனவரியில் மக்காவ்வில் வூ பாணித் தாய்ச்சியின் தலைவர் வூ கோங்யி, வெண்கொக்குப் பாணியைச் சேர்ந்த சான் ஹாக் ஃபூவோடு மேடை ஏறினார், நிதி திரட்டும் நிகழ்ச்சி. வூவுக்கு அப்போது 53 வயது, சான் அவரைவிட நன்றாகவே இளையவர். இரண்டாம் சுற்றிலேயே நிறுத்திவிட்டார்கள், யாருக்கும் வெற்றி என்று அறிவிக்கவில்லை. படத்தைப் பார்த்தால் வழவழப்பான வட்டங்கள் எதுவும் தெரியாது, இரண்டு பேர் கையை வீசித் தடுமாறி அடித்துக்கொள்கிறார்கள், சானுக்கு மூக்கில் ரத்தம். உண்மையான சண்டை எப்போதும் அழகில்லாமல்தான் இருக்கும். அந்தச் சண்டையின் பரபரப்பில்தான் சில நாளிலேயே ஹாங்காங் நாளிதழ் ஒன்றில் லியாங் யூஷெங் தொடர்கதை எழுத ஆரம்பித்தார், பிற்காலத்து வீரசாகசக் கதை அலைக்கே அது தொடக்கம் என்பார்கள். ஆக, அந்த மேடையால் அதிக லாபம் அடைந்தது தாய்ச்சியா கதையா என்று கேட்டால், கதைதான்.

உங்கள் கேள்விக்கு நேர்ப் பதில்: சண்டைதான் வேண்டும் என்றால் குத்துச்சண்டைக்கோ மல்யுத்தத்துக்கோ போங்கள், சீக்கிரம் வரும். தாய்ச்சியில் அது வரும், ஆனால் மெதுவாக வரும், அதுவும் தள்ளிப் பழகினால்தான் வரும். தனியாகச் செய்யும் அசைவு வரிசையான ஆட்டத்தை மட்டும் ஆடிவிட்டு நான் சண்டைக்காரன் என்று நம்புவது ஆபத்து.

போதிதருமர் காஞ்சிபுரத்திலிருந்து போய்த்தான் சீனர்களுக்குத் தற்காப்புக் கலை சொல்லிக்கொடுத்தார். அப்படியானால் தாய்ச்சியும் நம்முடையதுதானே? ஏன் யாரும் இதைப் பேசுவதில்லை?
*- தெம்பனிஸ் வாசகர்*

யாரும் பேசுவதில்லையா! தீபாவளி விருந்தில் என் பக்கத்தில் உட்காரும் ஒவ்வொரு மாமாவும் இதைத்தான் பேசுகிறார்.

போதிதருமர் தென்னிந்தியாவிலிருந்து போனவர் என்பது பழைய சீன பௌத்தக் குறிப்புகளிலேயே இருக்கிறது, அதில் பெருமைப்படலாம், நானும் பெருமைப்படுகிறேன். ஆனால் அவரைப் பற்றிக் கிடைக்கும் மிகப் பழைய சீனக் குறிப்பு, 547 வாக்கில் லுவோயாங் கோயில்களைப் பற்றி எழுதப்பட்டது, அவரைப் பாரசீகத் துறவி என்கிறது. அந்தப் பழைய எழுத்துகள் எதிலும் அவர் குத்தவும் உதைக்கவும் கற்றுக்கொடுத்ததாக ஒரு வரிகூட இல்லை. அந்தக் கதை 1624 என்று தேதி போட்ட 'யீஜின் ஜிங்' என்ற உடற்பயிற்சி நூலில் வருகிறது, அதாவது அவர் காலத்துக்கு ஆயிரம் வருடத்துக்கும் மேல் கழித்து. இதையெல்லாம் 1930களில் டாங் ஹாவ் என்ற சீன ஆய்வாளர் பிரித்து மேய்ந்துவிட்டார். அவர் சீனர்களுடைய சொந்தக் கதையையும் விட்டுவைக்கவில்லை: வூடாங் மலையில் ஜாங் சான்ஃபெங் என்ற தாவோ முனிவர் தாய்ச்சியைக் கண்டுபிடித்தார் என்பதையும் கட்டுக்கதை என்றே சொன்னார். சொந்த நாட்டில் இதற்கு எவ்வளவு வசவு வாங்கியிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

டாங் ஹாவ் போய் நின்ற இடம் ஹெனான் மாநிலத்தின் வென் வட்டாரத்தில் இருக்கும் சென் குடும்பத்தாரின் கிராமம், சென்ஜியாகோவ். 17ஆம் நூற்றாண்டில், மிங் ஆட்சி விழுந்த சமயத்தில், அங்கே இருந்த சென் வாங்டிங் என்ற போர்வீரர்தான் தொடக்கம் என்று அவர் முடிவு செய்தார். அதற்கு முந்தைய நூற்றாண்டுப் படைத்தளபதி சி ஜிகுவாங் எழுதிய கைச்சண்டைப் பாடத்தில் 32 நிலைகள் உண்டு, அதில் வரும் பெயர்கள் பல சென் குடும்பத்து ஆட்டத்திலும் வருகின்றன. பிறகு 1799இல் பிறந்த யாங் லூசான் அந்தக் கிராமத்துக்குப் போய்க் கற்று, பெய்ஜிங்கில் மஞ்சு பிரபுக்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அவருடைய பேரன் யாங் செங்ஃபூ காலத்தில் குதிப்பதும் அதிர்வதும் குறைந்து, இன்று பூங்காவில் நாம் பார்க்கும் மெதுவான, அகலமான ஆட்டம் ஆனது.

நம்மிடம் சிலம்பம் இருக்கிறது, அடிமுறை இருக்கிறது. அதைப் பையன்களுக்கு ஒழுங்காகக் கற்றுக்கொடுப்பதை விட்டுவிட்டு அடுத்த வீட்டுச் சொத்துக்குப் பட்டா கேட்பானேன்?

45 வயது ஆகிறது, இதுவரை எந்தக் கலையும் கற்றதில்லை. இனி ஆரம்பித்து என்ன பயன்?
*- புக்கிட் பாத்தோக் வாசகர்*

சுன் பாணித் தாய்ச்சியை உருவாக்கிய சுன் லூடாங் 1860இல் பிறந்தவர், தாய்ச்சியைத் தொட்டதே ஐம்பதைத் தாண்டிய பிறகு. அதற்கு முன்பே ஷிங்யி, பாகுவா என்ற வேறு இரண்டு சீனக் கலைகளிலும் பேர்போனவர் என்பது உண்மைதான், ஆனாலும் மாணவனாகப் போய் நின்றார் பாருங்கள்.

எதுவும் தெரியாமல் வருவது ஒரு வசதியும்கூட. கராத்தேயிலிருந்து வந்த எனக்குத் தோள்பட்டையை இறக்கவே வருடக் கணக்கில் ஆனது, கை தானாக முஷ்டி ஆகிவிடும். நீங்கள் அந்தக் கடனில்லாமல் வருகிறீர்கள். வாருங்கள்.

என் அம்மாவுக்கு 72 வயது. போன வருடம் குளியலறையில் விழுந்து, நல்லவேளை எலும்பு முறியவில்லை. அதிலிருந்து வெளியே வரவே பயப்படுகிறார். தாய்ச்சி உதவுமா, முட்டி வலியும் இருக்கிறதே?
*- பிடோக் வாசகி*

அம்மாவை முதலில் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள், ஏன் விழுந்தார் என்று. ரத்த அழுத்த மாத்திரை, கண், காதுக்குள் இருக்கும் சமநிலைக் கோளாறு என்று பல காரணம் இருக்கலாம். அதைப் பார்க்காமல் நேராக என் வகுப்பில் கொண்டுவந்து நிறுத்தினால் நானே திருப்பி அனுப்பிவிடுவேன்.

அது சரியென்றால், தாராளமாக. இந்த விஷயத்தில் நல்ல ஆய்வு இருக்கிறது. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில், 70 வயதைக் கடந்த, ஏற்கெனவே விழுந்த அல்லது நடையில் தடுமாற்றம் உள்ள 670 பேரை மூன்று குழுவாகப் பிரித்து வாரத்துக்கு இரண்டு முறை, 24 வாரம் பயிற்சி கொடுத்தார்கள். 2018இல் முடிவு வெளியானது. உடம்பை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களோடு ஒப்பிட்டால் தாய்ச்சி செய்தவர்கள் விழுவது 58 விழுக்காடு குறைந்தது, பலவகைப் பயிற்சி செய்தவர்களோடு ஒப்பிட்டாலும் 31 விழுக்காடு குறைவு. அவர்கள் கற்றுக்கொடுத்தது முழு ஆட்டம் இல்லை, சமநிலைக்காகவே திருத்திய எட்டு அசைவுகள். முட்டிக்கும் ஒன்று உண்டு: பாஸ்டனில் முட்டித் தேய்மானம் உள்ள 204 பேரிடம் செய்து 2016இல் வெளியிட்டார்கள், 12 வாரத் தாய்ச்சியின் பலன் வழக்கமான இயன்மருத்துவத்துக்குச் சமமாக இருந்தது.

ஆனால் ஏன் உதவுகிறது என்பது எனக்கு இந்த எண்களைவிட முக்கியம், ஏனென்றால் அது தெரிந்தால்தான் தப்பான வகுப்பை அடையாளம் கண்டுபிடிக்க முடியும். நாம் நடக்கும்போது ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு விழுந்து விழுந்து பிடித்துக்கொள்கிறோம். வயதானவர்கள் விழுவது பெரும்பாலும் அந்த மாற்றத்தில்தான், திரும்பும்போது, பின்னால் காலை வைக்கும்போது. தாய்ச்சியில் பாரமில்லாத காலை முதலில் வைத்து, அது தரையில் சரியாக உட்கார்ந்த பிறகுதான் பாரத்தை அதற்கு மாற்றுகிறோம், எந்த இடத்திலும் நிறுத்திக் காலைத் திரும்ப எடுக்க முடியவேண்டும். அதனால் வகுப்பைத் தேடும்போது ஆசிரியர் கையைத் திருத்துகிறாரா காலைத் திருத்துகிறாரா என்று பாருங்கள். கையை மட்டும் அழகுபார்க்கிற வகுப்பு அம்மாவுக்கு வேண்டாம்.

முட்டி விஷயத்தில் இரண்டே எச்சரிக்கை. தாழ உட்காரச் சொன்னால் மறுத்துவிடுங்கள், நின்ற உயரத்திலேயே எல்லாம் செய்யலாம். முட்டி எப்போதும் கால்விரல் பார்க்கும் திசையையே பார்க்கவேண்டும், பாதம் ஒரு பக்கமும் முட்டி ஒரு பக்கமுமாக முறுக்கினால் தாய்ச்சியே முட்டியைக் கெடுத்துவிடும். நான் பார்த்திருக்கிறேன், பல வருடம் ஆடிய ஆட்களுக்கே. மழை பெய்த காலையில் புளோக் கீழ்த்தளத்து ஓடுகள் வழுக்கும், அன்றைக்கு லீவு விடுங்கள். உங்கள் பேட்டையில் சமூக மன்றத்திலும் துடிப்பான மூப்படைதல் நிலையத்திலும் விசாரித்தால் நாற்காலி பிடித்துக்கொண்டு செய்யும் வகுப்பு கிடைக்கலாம், அங்கே ஆரம்பிக்கட்டும். பயம் போவதுதான் முதலில் நடக்கும், பலம் பிறகு.

எனக்குச் சீனம் தெரியாது. வகுப்பில் நான் மட்டும் இந்தியராக இருப்பேனே?
*- செங்காங் வாசகி*

இருப்பீர்கள். முதல் வாரம் பார்ப்பார்கள், இரண்டாம் வாரம் பெயர் கேட்பார்கள், மூன்றாம் வாரம் யாராவது ஒரு ஆன்ட்டி நீங்கள் கேட்காமலே உங்கள் முழங்கையைத் திருத்துவார், பெரும்பாலும் தப்பாக. நிலைகளின் பெயர் தானாகப் பழகிவிடும், மேகக் கைகள், வெண்கொக்கு சிறகு விரிப்பது, குருவியின் வாலைப் பிடிப்பது என்று எல்லாம் பார்த்தாலே விளங்குகிறவைதான்.

தொடாமலேயே 'சி' என்ற உள்சக்தியால் மாணவர்களைத் தூக்கி எறியும் மாஸ்டர்கள் உண்மையா?
*- உட்லண்ட்ஸ் வாசகர்*

இல்லை. விழுவது அந்த மாணவர்கள்தான், எறிவது யாரும் இல்லை. மாணவன் இல்லாத ஒரு ஆளை, முடிந்தால் உங்கள் மைத்துனரை, எதிரே நிறுத்தச் சொல்லுங்கள், விஷயம் முடிந்துவிடும். 'சி' என்று என் சிஃபு சொன்னபோதெல்லாம் மூச்சையும் தோள் தளர்வையும் கவனிக்கச் சொன்னார், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அதுவே செய்து முடிக்க ஒரு ஆயுள் போதாது.

என் மகனுக்கு 9 வயது, மிகவும் துறுதுறுப்பு. தாய்ச்சியில் சேர்த்தால் அடங்குவானா?
*- ஜூரோங் வாசகர்*

அடக்கவா சேர்க்கிறீர்கள்? பாவம் பையன். ஒன்பது வயதில் குதிக்கட்டும், விழட்டும். ஜூடோவில் சேருங்கள் என்பேன், ஏனென்றால் அங்கே முதல் பாடமே விழுவது எப்படி என்பது. கையை ஊன்றாமல், தாடையை மார்போடு ஒட்டி, உருண்டு விழக் கற்ற உடம்பு அதை மறப்பதில்லை. எனக்கு இந்த வயதிலும் ஒருமுறை ஈரப் படிக்கட்டில் உதவியது. மலாய்த் தற்காப்புக் கலையான சிலாட்டும் நல்லது, உலகப் பட்டம் வென்ற ஷேக் அலாவுதீன் போன்றவர்களை இந்தச் சின்ன ஊர் உருவாக்கியிருக்கிறது. சிலம்ப வாத்தியார் பக்கத்தில் கிடைத்தால் விடாதீர்கள். தாய்ச்சி எங்கும் போய்விடாது, அவனுக்கு மீசை முளைத்துக் கோபம் வந்த பிறகு அனுப்புங்கள்.

எங்கள் புளோக்கின் கீழே ஒலிப்பெருக்கியில் இசை போட்டுப் பல வருடமாக 24 நிலை ஆட்டம் ஆடுகிறோம். அடுத்து 42 கற்கலாமா, விசிறி ஆட்டம் கற்கலாமா என்று யோசனை. நீங்கள் சிபாரிசு செய்வது?
*- அங் மோ கியோ வாசகர்கள் சிலர்*

இரண்டும் இல்லை. ஒருவரை ஒருவர் தள்ளுங்கள்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 24 நிலை ஆட்டம் 1956இல் சீன விளையாட்டுத் துறை தொகுத்தது. யாங் பாணியின் நீண்ட ஆட்டத்திலிருந்து திரும்ப வருவதை எல்லாம் எடுத்துவிட்டு, பொதுமக்கள் சீக்கிரம் கற்கட்டும் என்று சுருக்கினார்கள். நல்ல வேலை, அதனால்தான் அது உங்கள் கீழ்த்தளம் வரை வந்திருக்கிறது. 42 போட்டிகளுக்காகப் பல பாணிகளைக் கலந்து 1980களின் கடைசியில் செய்தது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போனால் மனப்பாடம் செய்வது கூடும், கற்பது கூடுமா என்று எனக்குச் சந்தேகம். இசையின் தாளத்துக்குக் கை போகிறது, பக்கத்து ஆளைப் பார்த்துக் கால் போகிறது, தோளில் இருக்கும் இறுக்கம் பத்து வருடம் கழித்தும் அங்கேயே உட்கார்ந்திருக்கிறது, ஏனென்றால் அதைக் காட்டிக்கொடுக்க யாரும் உங்களைத் தொடவில்லை. நாமே நமக்குத் தளர்வாகத்தான் தெரிவோம். கேரம் பலகையில் தனியாக விளையாடினால் எல்லாரும் சாம்பியன்தான்.

துய்ஷோ என்பது அந்தத் தொடுகை. இரண்டு பேர் எதிரெதிரே ஒரு காலை முன்வைத்து நின்று, மணிக்கட்டும் மணிக்கட்டும் ஒட்ட, முதலில் ஒரே கையால் படுக்கை வட்டம். ஒருவர் தள்ளுவார், மற்றவர் எதிர்க்காமலும் விலகாமலும் அதை ஏற்று இடுப்பைத் திருப்பி ஓரமாக விடுவார், பிறகு முறை மாறும். இது பழகியதும் இரண்டு கையும். அதில் பெங், லூ, ஜி, ஆன் என்று நான்கு வேலை: வாங்கித் தாங்குவது, பின்னே வழிவிட்டு இழுப்பது, நெருக்குவது, தள்ளுவது. உங்கள் 24இல் குருவியின் வாலைப் பிடிக்கும் பகுதி இருக்கிறதே, அதில் இந்த நான்கும் அப்படியே இருக்கின்றன, இத்தனை வருடம் ஆடியிருக்கிறீர்கள், எதற்கு என்று தெரியாமல்.

விதி ஒன்றுதான் முக்கியம். கை விலகக் கூடாது, முட்டிக்கொள்ளவும் கூடாது. அவர் கொடுக்கும் அழுத்தம் எவ்வளவோ அவ்வளவே நீங்களும். இது எவ்வளவு கஷ்டம் என்றால், என் வகுப்பில் முன்னாள் ராணுவ அதிகாரி ஒருவரும் ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளித் தமிழாசிரியை ஒருவரும் ஜோடி. அதிகாரி தள்ளத் தள்ள அவரே தடுமாறுவார், அந்த அம்மா ஒன்றும் செய்யாததுபோல் "என்ன சார், அவசரமா?" என்று கேட்பார். அவருக்குப் பலம் அதிகம் என்பதுதான் பிரச்சினை, அந்தப் பலம் எங்கிருந்து கிளம்புகிறது என்று எதிராளிக்கு முதலிலேயே தெரிந்துபோகிறது. கராத்தேயிலிருந்து வந்த புதிதில் நானும் அப்படித்தான் எல்லாரிடமும் தள்ளு வாங்கினேன்.

எங்கள் மரபில் இதற்கு முன்னேற்பாடாக ஐந்து தளர்வுப் பயிற்சிகள் உண்டு. ஃபூஜியானில் வெண்கொக்கு பயின்று, பின்பு தைவானில் தாய்ச்சி ஆசிரியர் செங் மான் சிங்கிடம் 37 நிலை ஆட்டம் கற்று, 1950களில் சிங்கப்பூருக்கு வந்து, இங்கேயும் மலேசியாவிலும் அதைப் பரப்பிய ஹுவாங் ஷிங்ஷியான் அமைத்தவை அவை. அவரும் ஒரு கலையில் பேர்வாங்கிவிட்டு இன்னொன்றில் மாணவராகப் போய்ச் சேர்ந்தவர்தான். அந்த ஐந்தையும் செய்துவிட்டு, 24 ஒருமுறை ஆடிவிட்டு, மீதி அரைமணி நேரம் ஜோடி மாற்றி மாற்றித் தள்ளுங்கள். ஒரே ஆளோடு தள்ளினால் அவருடைய பழக்கம் மட்டும் மனப்பாடம் ஆகும், உயரமானவர், குள்ளமானவர், சிரிப்பவர், முறைப்பவர் எல்லாரும் வேண்டும். ஆண் பெண் கலந்து தள்ளச் சங்கடம் என்றால் தனித்தனியாகத் தள்ளுங்கள், அதில் ஒன்றும் குறையில்லை. பக்கவாதமோ எலும்புத் தேய்மானமோ உள்ளவர்கள் ஒருகை வட்டத்தோடு நிறுத்திக்கொள்ளட்டும். யாரையும் சுவரை நோக்கித் தள்ளவேண்டாம், கீழ்த்தளத்துத் தூண்கள் கல்.

தெரிந்த ஆசிரியர் ஒருவரை முதல் சில மாதங்களுக்காவது கூப்பிட்டுக்கொள்ளுங்கள். இதை மட்டும் காணொளி பார்த்துக் கற்க முடியாது.

இத்தனை கலைகளைக் கற்று ஒவ்வொன்றாக விட்டுவிட்டீர்களே, வருத்தமில்லையா?
*- குவீன்ஸ்டவுன் வாசகர்*

விட்டேன் என்று யார் சொன்னது? ஜூடோ முட்டியால் நின்றது, அதுகூட என் துய்ஷோவில் இருக்கிறது, ஆளின் பாரத்தைத் தேடும்போதெல்லாம். கராத்தேயில் வந்த முஷ்டியைத்தான் விட்டேன், அதற்கு வருத்தமில்லை. கம்பை ஓய்வுபெற்ற பிறகு மறுபடி எடுத்தேன். இப்போது சுற்றும்போது கை அவ்வளவாக வேலை செய்வதில்லை, இடுப்பு திரும்புகிறது, கம்பு பின்னால் வருகிறது. வாத்தியார் அன்றைக்கு ஏன் காலடியையே மாதக் கணக்கில் போடவைத்தார் என்பது இப்போது புரிகிறது, அவர் இருந்திருந்தால் கொஞ்சம் சண்டைகூடப் போட்டிருப்பேன், இதை வாய் திறந்து சொல்லியிருக்கக் கூடாதா என்று. நம் வாத்தியார்களிடம் கலை இருந்தது, விளக்கம் சொல்லும் பழக்கம் இல்லை. பல வரிசைகள் அப்படித்தான் அவர்களோடு போய்விட்டன. வருத்தம் என்றால் அதுதான்.

தாய்ச்சி வாள் கற்க ஆசை. எம்ஆர்டி ரயிலில் எடுத்துக்கொண்டு போகலாமா?
*- பாசிர் ரிஸ் வாசகி*

கூர் தீட்டிய வாள் வேண்டவே வேண்டாம், பயிற்சிக்கு அது தேவையும் இல்லை. பொது இடத்தில் ஆயுதம் வைத்திருப்பது பற்றி இங்கே சட்டம் கடுமை, "பயிற்சிக்குத்தான் சார்" என்று நடைமேடையில் நின்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். மர வாள் வாங்குங்கள், அதையும் முழுக்க மூடுகிற பையில் போட்டு எடுத்துப்போங்கள், நடுவில் எடுத்துக் காட்டாதீர்கள். இழுத்தால் நீளும் மடக்கு வாள் கைப்பைக்குள் அடங்கும், ஆரம்பத்துக்குப் போதும், ஆனால் எடையே இல்லாததால் மணிக்கட்டு சோம்பேறியாகும், ஆறு மாதத்தில் மாற்றிவிடுங்கள். வகுப்பிலேயே வாளை வைத்துவிட்டு வர இடம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள், பல இடங்களில் அலமாரி உண்டு. கம்புக்குத்தான் வழியே இல்லை. என்னுடையது ஒரு மாணவரின் லாரியில்தான் பயணம் செய்கிறது, அவர் லீவு போட்டால் அன்றைக்கு எனக்கும் லீவு.